வாசகர் கேள்வி, நம் பதில்: பழைய ஸ்போர்ட்ஸ் கார், சரியான விலை

கேள்வி: எங்கள் ஊர் என்றால் ஏரி, கன்டெய்னர் லாரி, டோல்கேட். இங்கே உட்கார்ந்துகொண்டு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆசைப்படலாமா? (சோழவரம்)

பதில்: ஆசைப்பட உங்களைவிட உரிமை உள்ளவர் யார்? இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை உங்கள் ஊரில்தான் இருக்கிறது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை தென்னிந்தியாவின் கார் பந்தயம் என்றாலே சோழவரம்தான். அந்த ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் பளபளக்கும் வெளிநாட்டு வண்டிகளோடு ஃபியட்டும் ஹெரால்டும் ஓடின. மெக்கானிக் கைவைத்துத் தேற்றிய வண்டிகள் அவை. நீங்களும் காரைத் தேடும் முன் அப்படி ஒரு மெக்கானிக்கைத் தேடுங்கள்.

கேள்வி: புதிதாக ஒரு கோடி விற்ற போர்ஷே, இப்போது முப்பது லட்சத்துக்குக் கிடைக்கிறதாம். அடித்தது யோகமா? (பொன்னேரி)

பதில்: யோகம்தான், அதைத் தக்கவைக்கத் தெம்பு இருந்தால். விலை சரிந்தது காருக்கு மட்டும்; உதிரிபாகத்துக்கும் லேபருக்கும் இன்றும் கோடி ரூபாய்க் கார் விலைதான். 1990-களின் கடைசி முதல் 2008 வரை வந்த சாதாரண 911, பாக்ஸ்டர் மாடல்கள் பலவற்றில், இன்ஜினுக்குள் இருக்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் பேர்போன பலவீனம். அது உடைந்தால் இன்ஜினே போய்விடும். 'மாற்றியாயிற்று' என்று விற்பவர் சொன்னால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

என் கணக்கில் நான்கு முதல் ஆறு வயதுக் கார்தான் லாபம். இன்சூரன்ஸ் அட்டவணையே ஐந்தாம் வயதில் வண்டியின் மதிப்பைப் பாதியாக்கிவிடுகிறது. அந்தப் பாதி முதல் உரிமையாளரின் பாக்கெட்டிலிருந்து போனது. மலிவான இரண்டைவிட, ஒரே கையில் இருந்து, ஒழுங்காக சர்வீஸ் ஆன ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுங்கள்.

கேள்வி: டெல்லி வண்டி பாதி விலையாமே? (செங்குன்றம்)

பதில்: பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் வண்டிகள் மேல் அங்கே விழுந்த கட்டுப்பாடு விலையைச் சரித்தது உண்மை. ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆயுட்கால வரி கட்டி, டி.என். 18 எண் வாங்கும்வரை அது உங்கள் கார் இல்லை. வரி வண்டியின் வயதைப் பொறுத்துக் குறையும். ஆனால் கணக்குப் போடுவது நீங்கள் பேரம் பேசிய விலையில் அல்ல, வண்டியின் அசல் விலையில். இதைச் சேர்த்தால் பல 'பாதி விலை'கள் முக்கால் விலை ஆகிவிடும்.

கேள்வி: வெள்ளத்தில் மூழ்கிய காரை எப்படிக் கண்டுபிடிப்பது? (மீஞ்சூர்)

பதில்: இந்த வட்டாரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 2015 டிசம்பரில், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் என இரண்டு முறை சென்னையும் சுற்றுப்புறமும் மூழ்கின. மூழ்கிய கார்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் 'டோட்டல் லாஸ்' போட்டு ஏலத்தில் விடும். அதில் சில, பாலிஷ் போட்டுக்கொண்டு மறுபடி சந்தைக்கு வரும்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத அந்த அடிமுனையில் மண் கோடு தெரிந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். சீட்டைப் பின்னே தள்ளி, அது நகரும் தண்டவாளத்திலும் போல்ட்டிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி மோந்து பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் அது எதையோ மறைக்கிறது. இரண்டு ஹெட்லைட்டில் ஒன்று மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். ஸ்போர்ட்ஸ் கார் தாழ்ந்த உடம்புக்காரி; பக்கத்து வீட்டு ஜீப்பின் டயரை நனைத்த தண்ணீர் இவளுடைய கம்ப்யூட்டர் பெட்டிவரை ஏறியிருக்கும். அந்தக் கோளாறு அன்றைக்கே தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒயரிங் ஒவ்வொன்றாகப் பச்சை பூக்கும்போது தெரியும். இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கேள்வி: இன்சூரன்ஸ், ஆர்.சி. எல்லாம் புரோக்கரே மாற்றித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா? (காரனோடை)

பதில்: பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்குங்கள், கடன் இருந்த வண்டியென்றால் படிவம் 35-உம். பெயர் மாறியதை வாகன் தளத்தில் நீங்களே பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அது அவருடைய சொத்து.

கேள்வி: ஒன்பது வருடத்தில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. விடலாமா? (கும்மிடிப்பூண்டி)

பதில்: ஓடாத காருக்கும் வயதாகும். சீல், புஷ், ஹோஸ் எல்லாம் நின்ற இடத்திலேயே காய்ந்து வெடிக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2216 என்றால் 2016-ன் 22-வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் அழகாக இருந்தாலும், அந்த டயரை நம்பி கல்கத்தா நெடுஞ்சாலையில் நூறைத் தொடாதீர்கள். நான்கு டயரின் விலையைக் கழித்துவிட்டு, அங்கிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.