நாற்பது நிமிடக் கிரிவலம்

உங்கள் கல்லூரியிலும் ஒரு பி.டி. சார் இருந்திருப்பார். கழுத்தில் விசில், இடுப்பில் சாவிக்கொத்து, வெயிலில் வெந்த முகம். அவர் பெயரைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பீர்கள். திருவண்ணாமலையில் அப்படிப் பெயரை விசிலுக்குப் பறிகொடுத்தவன் நான்.

1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில், நந்தனத்து மரநிழல்களில் படித்துவிட்டு, 1974-இல் வேலைக்கு வந்தேன். பக் துரை 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவர். அந்தப் பெருமையில் பாதியாவது எனக்குச் சேரவேண்டும் என்ற நினைப்பில், தும்பைப்பூப் போல வெளுத்த கால்சட்டையோடு முதல் நாள் மைதானத்தில் இறங்கினேன். அவர் அணியோடு பாரிஸுக்குப் போனார். நான் அணியோடு வேலூருக்குப் போனேன், அதுவும் பெரும்பாலும் நின்றுகொண்டே.

இன்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கோச், அவருக்கு ஒரு உதவியாளர். அன்று வாலிபாலுக்கும் கபடிக்கும் கோகோவுக்கும் ஹாக்கிக்கும் குண்டெறிதலுக்கும் நானே கோச், நானே நடுவர், காயத்துக்கு டிங்சர் தடவுகிறவனும் நானே. வீரர்களைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு சாஸ்திரம் வைத்திருந்தேன்: நெட்டையன் வாலிபாலுக்கு, குட்டையன் கோகோவுக்கு, விடுதிச் சாப்பாட்டை மூன்றாம் முறை கேட்பவன் குண்டெறிதலுக்கு. நெட்டையன் ஒருவன் கோகோவில் பின்னியெடுத்த அன்று சாஸ்திரத்தைத் திருத்தவில்லை. அவனைத்தான் வாலிபாலுக்குத் திருப்பி அனுப்பினேன். அப்படிப்பட்ட அறிவு.

அந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரம் விளையாட்டு விழாவுக்கு முந்தைய விடியல். பால்பவுடர் டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, முளையடித்துக் கட்டிய சணல் கயிற்றை ஒரு பையன் இழுத்துப் பிடிக்க, டின்னைத் தட்டித் தட்டி வளைவு போடுவேன். ஈர மண்ணில் வெள்ளைக் கோடு மெல்ல வளர்ந்து வரும். எதிரே மலையின் உச்சியில் முதல் வெயில் விழும். கோடு முடியும்போது எங்கிருந்தோ ஒரு ஆடு வந்து அதன் மேலேயே நடந்து போகும். இப்போதெல்லாம் பெரிய ஊர்களின் செயற்கை ஓடுதளங்களில் கோடு முன்கூட்டியே வரையப்பட்டிருக்கிறது, மழைக்கும் அழியாது. நல்லதுதான். ஆட்டுக்குத்தான் வேலை போய்விட்டது.

பந்துகளும் அப்படியே. தோல் கால்பந்துக்குள் பிளாடரைத் திணித்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, கயிற்றால் வாயைத் தைப்போம். தலையால் முட்டியவன் நெற்றியில் அந்தத் தையல் சாயங்காலம்வரை அச்சாக இருக்கும். பந்து கிழிந்துவிட்டால் கிழிந்ததுதான் என்று நிரூபித்துக் கண்டம் செய்ய மூன்று கையெழுத்து வேண்டும். இன்று என் நாற்காலியில் இருக்கும் தம்பி, கிழிந்த பந்தைப் போட்டோ எடுத்துக் கணினியில் ஏற்றுகிறார். கையெழுத்து ஒழிந்துவிட்டதா என்று ஆவலோடு கேட்டேன். போட்டோவைப் பிரிண்ட் எடுத்து அதன் மேல் மூன்று கையெழுத்தாம்.

சடுகுடுவை மட்டும் மன்னிக்கவே முடியவில்லை. "மண்ணில் புரண்டு என்ன கண்டாய்" என்று அம்மாக்கள் திட்டிய ஆட்டம் 1990-இல் பெய்ஜிங் ஆசியப் போட்டிக்குப் போனது, பிறகு மெத்தை மீது ஏறித் தொலைக்காட்சிக்கும் வந்தது. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி என்று கடிகாரம் எண்ணுகிறது. எங்களுக்கு மூச்சுதான் கடிகாரம். பாட்டு நின்றால் ஆள் அவுட். நின்றதா இல்லையா என்று அரைமணி நேரம் சண்டை. ஆட்டத்தைவிட அந்தச் சண்டைக்குத்தான் கூட்டம் அதிகம்.

என் பெரிய சாதனைக்கு வருகிறேன். மாண்ட்ரியல் ஒலிம்பிக் நடந்த 1976. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று பையன்களை விரட்டினேன். பாதிப் பேருக்குக் காலில் ஷூ கிடையாது. ஒரே ஒரு ஸ்டாப்வாட்ச்சோடு நின்றிருந்தேன். ஒருவன் வந்து விழுந்தான்: நாற்பது நிமிடம்! வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த வேகம் அன்றைய உலக சாதனைக்காரர்களின் வேகம் என்று கணக்குப் போட்டு, இரவெல்லாம் தூங்காமல், நம் கல்லூரி ஓர் ஒலிம்பிக் வீரனை ஈன்றிருக்கிறது என்று முதல்வருக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி, முக்கிய வரிகளைச் சிவப்பு மையால் கோடிட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சைக்கிள் கடைக்காரர் கல்லூரிக்கே வந்தார், வாடகை பாக்கி கேட்டு.

ஓய்வு பெற்றுப் பல வருடமாகிவிட்டது. பௌர்ணமிதோறும் அதே சாலையில் லட்சக்கணக்கில் ஜனங்கள் நடக்கிறார்கள். விசில் ஊத ஆள் இல்லை, அட்டெண்டன்ஸ் இல்லை. என் பேச்சைக் கேட்டு நாற்பது பேர் ஓடாத பாதையில் ஊரே நடக்கிறது. அன்று ஷூ இல்லாமல் ஓடிய பையன்கள் இன்று விலையுயர்ந்த ஷூவைக் காரிலேயே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வருகிறார்கள். போன மாதம் குபேர லிங்கம் அருகே ஒரு தொந்திக்காரர் "சார்!" என்று காலில் விழுந்தார். என் ஒலிம்பிக் வீரன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான்.

"பதினெட்டாயிரம் ஸ்டெப் சார்."

"முழுக்க நடந்தே வந்தியா?"

"இந்த வாட்ச் பொய் சொல்லாது சார்."

"என் வாட்ச்சும் அன்னிக்குப் பொய் சொல்லலையேடா."