வீட்டு லேப் அதிபர்

ராஜபாளையத்துக்குத் தெற்கே, சேத்தூரை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் நெல்லும் மாவும் தென்னையுமாகக் கிடக்கும் தேவதானத்திலும் அதன் சுற்றுப்புற ஊர்களிலும், பணி ஓய்வு பெற்ற ஆண்களுள் ஒரு சாரார், எடுத்த படத்தைப் பிரிண்ட் போட ஸ்டுடியோவுக்குப் போவதைத் தம் தகுதிக்கு இழுக்கெனக் கருதி, அதற்கான இயந்திரத்தை வீட்டு முன்னறையிலேயே நிறுவிக்கொண்டு வாழ்ந்து வருகின்றனர். வசதி கருதி இவ்வகையினரை இக்கட்டுரை 'வீட்டு லேப் அதிபர்' என்று ஒருமையில் குறிப்பிடும். லேப் என்று ஊரார் சொல்வது, கோப்பிலுள்ள படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிற லேசர் ஒளியால், வெள்ளி உப்புப் பூசிய வண்ணத்தாளின் மேல் விழச்செய்து, அத்தாளைப் படத்தை வெளிக்கொணரும் கரைசலிலும் நிலைநிறுத்தும் கரைசலிலும் அடுத்தடுத்து முக்கிக் கழுவி, உலர்த்தி, சில நிமிடங்களில் வெளியே தள்ளும் பெரிய இயந்திரம் உள்ள கடையை. அதிபரிடம் இருப்பதோ, தலைமுடியினும் நுண்ணிய துளைகளின் வழியே மைத்துளிகளைத் தாளில் தெளிக்கும் இங்க்ஜெட் பிரிண்டர். இரண்டுக்கும் உள்ள தொலைவு அவருக்குத் தெரியாததன்று. அதைத் தம் வாழ்நாளில் ஒப்புக்கொள்ளமாட்டார் என்பதே அவருடைய சிறப்பியல்பு.

அதிபர் உருவாவதற்குப் பெரும்பாலும் ஒரு பழைய வஞ்சம் காரணமாக இருக்கும். ஏதோ ஒரு திருமணத்தில் கைபேசியில் எடுத்த குடும்பப் படத்தை ஏதோ ஒரு கடையில் கொடுத்து மேக்ஸி சைஸில், அதாவது நான்குக்கு ஆறு அங்குல அளவில், பிரிண்ட் கேட்டிருப்பார். வந்த படத்தில் பின்வரிசையில் நின்ற உயரமான மைத்துனருக்கு நெற்றிக்கு மேல் எதுவும் இருந்திராது. கைபேசி பொதுவாக நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் படமெடுக்கிறது. தாளோ மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. வெள்ளை விளிம்பு விடாமல் தாளை நிரப்ப வேண்டுமானால் படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கை எங்கேனும் இழந்தே தீர வேண்டும் என்பது வெறும் கணக்கு. அதிபர் அதைக் கணக்காகக் கொள்ளாமல் சதியாகக் கொண்டார். "நம்ம வீட்டு ஆளுக தலையை வெட்டுறதுக்கு இவன் யாரு?" என்று கேட்டுவிட்டு அவர் பிரிண்டர் வாங்கினார். அந்தப் பிரிண்டரில் 'விளிம்பில்லாமல்' என்னும் கட்டளையைத் தேர்ந்தால், தாளின் ஓரம் வெளுத்துவிடாதிருக்க அது படத்தைச் சற்றுப் பெரிதாக்கியே அச்சிடும் என்பதால், இப்போது மைத்துனரின் தலையோடு வரிசையின் கடைசியில் நிற்கும் மதினியின் தோளும் போய்விடுகிறது. எனினும் வெட்டியது சொந்தக் கை என்பதால் மனத்தாங்கல் இல்லை.

சிக்கனமே தம் நோக்கம் என்று அவர் சொல்லிக்கொள்வார். தொடக்கத்தில் அவரிடம் இருந்தது கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு மைக்கூடு பொருத்தும் வகை. அதனுள் இருக்கும் மை பத்து மில்லிலிட்டரைத் தொடுவதே அரிது, விலையோ பிரிண்டரின் விலையை எட்டிப்பிடிக்க முயலும். இதற்கு மாற்றாக, ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்சினால் கூட்டுக்குள் மை ஏற்றும் 'ரீஃபில்' கலையைக் கற்று, அந்தப் பயிற்சிக் காலத்தில் மூன்று வேட்டிகளை நீலத்துக்கும் ஒரு துண்டை மஞ்சளுக்கும் பறிகொடுத்தார். இந்தோனேசியாவில் இதே போல மக்கள் வெளியே டப்பா கட்டிக் குழாய் வழியே மை ஊட்டுவதைக் கண்ட எப்சன் நிறுவனம், பெரிய மைத்தொட்டி உடைய பிரிண்டரை 2010-ல் அங்கேயே முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வகை இங்கும் வந்த பிறகு அதிபரின் வேட்டிகள் தப்பின. ஆனால் கணக்குத் தப்பவில்லை. மை, போட்டோ பேப்பர், மின்சாரம் ஆகியவற்றை அவர் நோட்டில் எழுதுவார். பாழான தாள்களை எழுதமாட்டார். போட்டோ பேப்பரில் மையை உறிஞ்சும் பூச்சு ஒரு பக்கம் மட்டுமே இருப்பதும், மறுபக்கத்தில் அச்சிட்டால் மை தாளில் இறங்காமல் முத்து முத்தாக நிற்பதும், அப்படி நிற்கும் மையைத் துடைக்கப் போனால் அதுவரை மனித முகமாக இருந்தது அப்பளத்தின் மேல் கொட்டிய சாம்பாராகிவிடுவதும் நோட்டில் இடம்பெறாத செலவுகள். கடையில் பத்துப் பதினைந்து ரூபாய்க்குப் போட்டுத் தரும் மேக்ஸி படம் தமக்கு 'நாலு ரூபாய்தான் ஆகுது' என்று அவர் அறிவிப்பது இந்த நோட்டின் அடிப்படையிலேயே.

அவருடைய அன்றாட வாழ்வைப் பிரிண்டர் எப்படி ஆள்கிறது என்பதே ஆய்வுக்குரியது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் அந்த அடிவாரத்து வெக்கையில் மைத்துளை அடைத்துக்கொள்ளும்; அடைப்பை எடுக்க 'ஹெட் கிளீனிங்' என்னும் கட்டளை கொடுத்தால், இயந்திரம் உறுமியபடி நல்ல மையை உறிஞ்சித் தன் வயிற்றிலுள்ள கழிவுப் பஞ்சில் துப்பும். அதன்பின் துளைகள் திறந்தனவா என்று அறிய 'நாசில் செக்' எனப்படும் சோதனைத் தாள் ஒன்று வரும். அதில் படிக்கட்டாக இறங்கும் மெல்லிய கோடுகளில் எங்கே முறிவு உள்ளது என்று, ஜாதகக் கட்டத்தில் செவ்வாயைத் தேடும் ஜோசியரைப் போல, அதிபர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்ப்பார். பஞ்சு நிரம்பியதாக இயந்திரமே எண்ணி வைத்துக்கொண்டு ஒருநாள் வேலைநிறுத்தம் செய்யும். அந்த எண்ணிக்கையை 'ரீசெட்' செய்ய ராஜபாளையத்திலிருந்து ஓர் இளைஞர் வந்து, ஐந்து நிமிடம் இருந்து, காப்பி குடித்து, கட்டணமும் வாங்கிச் செல்வார். இதுவும் நோட்டில் இல்லை.

ஆகவே அடைப்பு வராமலிருக்க வாரம் ஒருமுறையேனும் வண்ணப்படம் ஒன்றை அச்சிட்டே ஆக வேண்டும். படம் தேவைப்பட்டு மை வாங்கியது போய், மை காயாதிருக்கப் படம் தேவைப்படும் நிலை இது. இதற்கென அதிபர் தேர்ந்தெடுத்திருப்பது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குச் சென்றபோது எடுத்த ஒரு படம். அதில் அவருடைய அத்தை கருஞ்சிவப்புப் பட்டுடுத்தி, மஞ்சள் பூவும் மரிக்கொழுந்தும் வைத்து, நீல வானத்தின் கீழ் பால்கோவாப் பொட்டலத்துடன் நிற்பதால், எல்லா மைகளும் ஒரே படத்தில் செலவாகிவிடுகின்றன. கணினித் திரை ஒளியை உமிழ்கிறது, தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருகிறது. திரையின் பிரகாசத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பார்ப்பவருக்குத் தாளில் எல்லாம் இருண்டே வரும். இந்த உண்மைக்கும் மைகளின் ஏற்றத்தாழ்வுக்கும் இடையே அகப்பட்ட அத்தை, ஒரு வாரம் பச்சையாகவும் ஒரு வாரம் காமாலையுடனும் ஒரு வாரம் கோபத்தில் சிவந்தும் வெளிவருகிறார். அலமாரியில் அடுக்கியிருக்கும் இப்படங்களைப் பார்த்த அந்த அம்மையார், "எனக்கு என்ன நோக்காடுன்னு டாக்டருகிட்ட கேட்டுச் சொல்லுய்யா" என்றதாகக் குடும்ப வழக்கு உண்டு.

இவ்வூரின் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில், இவ்வட்டாரத்தின் ஐம்பூதத் தலங்களில் ஆகாயத்துக்கு உரியதாகப் போற்றப்படுகிறது. சங்கரன்கோவிலும் கரிவலம்வந்தநல்லூரும் தாருகாபுரமும் தென்மலையும் ஏனைய நான்கு. அதிபரின் பிரிண்டர் பிடிவாதமாக அச்சிட மறுப்பதும் ஆகாயத்தையே. ஒரே நிறம் மெல்ல மெல்ல மாறிச்செல்லும் பரப்பில்தான் மைத்துளையின் குறை கோடு கோடாகத் தெரியும் என்பதால், கோபுரம் நன்றாக வந்த படத்தில்கூட மேலே வானம் மட்டும் கைத்தறித் துண்டாக விழுந்துவிடும். மலையில் மேகம் இருந்ததாக அவர் விளக்கம் சொல்வார்.

அதிபரை ஊர் மதிப்பது கோபுரப் படங்களுக்காக அன்று, பாஸ்போர்ட் சைஸ் படங்களுக்காக. பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, நூறு நாள் வேலை அட்டை, முதியோர் உதவித்தொகை என எந்த விண்ணப்பமும் முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து மில்லிமீட்டர் முகம் ஒன்றைக் கேட்கிறது; அதை ஒட்டுவதற்கான கடைசி நாளின் முந்திய இரவு ஒன்பது மணிக்கே அது தமிழ் மக்களின் நினைவுக்கு வருகிறது. "பெரியப்பா, காலைல பள்ளிக்கூடத்துல கேக்காங்க" என்று வாசலில் குரல் கேட்டதும் அதிபர் எழுந்து, வெள்ளைப் பின்புலத்துக்காகத் தம் எட்டு முழ வேட்டியைச் சுவரில் இரு ஆணிகளுக்கிடையே கட்டுவார். பையனை முக்காலியில் உட்காரவைத்து, காதைக் காட்டு, சிரிக்காதே, மூச்சை விடு என்று ஆணைகள் இட்டு, ஒரே தாளில் எட்டுப் படமாக அடுக்கி, எஃகு அளவுகோலும் பிளேடும் கொண்டு வெட்டித் தருவார். வேட்டியின் கரை எப்படியும் ஒரு மூலையில் விழுந்துவிடும். அவ்வட்டார அலுவலகக் கோப்புகளைப் புரட்டுபவர் எவரும், வலப்புறத்தில் பச்சைக் கோடு ஓடும் முகங்களைத் தேவதானத்துக்குரியவை என்று அடையாளம் காணலாம். காசு கொடுத்தால் வாங்கமாட்டார். ஸ்டுடியோவைச் சாராதிருக்க வேண்டும் என்று தொடங்கியவர் ஊருக்கே இலவச ஸ்டுடியோவாகி, இரவுச் சாப்பாடு ஆறிக் கிடக்க, எவர் வீட்டுப் பிள்ளைக்கோ சட்டைக் காலரைச் சரிசெய்து கொண்டிருக்கிறார் என்ற முரண் அவருடைய மனைவிக்குத் தெரிகிறது; அவருக்குத் தெரியவில்லை.

சாவு வீட்டில் அவருடைய புகழுக்கு ஒரு சோதனை நேர்ந்தது உண்டு. இறந்தவரின் படத்தைப் பெரிதாக்கி உடனே தர அவரைவிட்டால் ஆளில்லை என்பதால், வாட்ஸ்அப்பில் பலர் கைமாறிச் சுருங்கி வந்த படத்தை முழுத்தாள் அளவுக்கு ஊதிப்பெருக்கிக் கொடுப்பார்; நான்குக்கு ஆறு அங்குலத்துக்கே 1200-க்கு 1800 புள்ளிகள் இருந்தால்தான் படம் துல்லியமாக இருக்கும் என்னும்போது, இவ்வளவு பெரிய தாளில் முகம் கட்டம் கட்டமாக வந்ததை எவரும் குறை சொல்லவில்லை. கண்ணாடிச் சட்டம் போட நேரமில்லாமல் அட்டையில் ஒட்டிய அந்தப் படத்துக்கு, வாடாதிருக்க நீர் தெளித்த மல்லிகை மாலையைச் சூட்டினார்கள். தொட்டிப் பிரிண்டர்களின் வண்ண மை பெரும்பாலும் நீரில் கரையும் சாய வகையைச் சேர்ந்தது. நீரில் கரையாத நிறமித்துகள் மை வேறு, அது விலை கூடியது. காரியம் முடிவதற்குள் தாத்தாவின் மீசை மோவாய்க்கு இறங்கிவிட்டது. சுவரில் அதே தாத்தாவின் தகப்பனார், வெள்ளியால் உருவான கறுப்பு வெள்ளைப் படத்தில், எந்த ஸ்டுடியோவில் எடுத்தது என்றே தெரியாத ஒரு காலத்திலிருந்து, சற்றும் கலையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

லேபும் அமரத்துவம் பெற்றதன்று என்பதை நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் வண்ணப்படங்கள் பல இன்று செங்கல் நிறமாகிவிட்டன. அந்தத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலும் வெளுத்தது. இந்தியாவிலேயே படச்சுருளும் தாளும் செய்யவென 1960-ல் ஊட்டியில் தொடங்கி, 1967-ல் உற்பத்திக்கு வந்து, 'இந்து' என்ற பெயரில் விற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இன்று இல்லை. கரைசல்கள் கெடாதிருக்க லேப் இயந்திரத்துக்கு நாள்தோறும் போதிய படங்கள் ஓட வேண்டும் என்பதால் சிறு ஊர்களில் அது கட்டுபடியாவதில்லை. அங்குள்ள ஸ்டுடியோக்கள் திருமண ஆல்பத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பிவிட்டு, பாஸ்போர்ட் படத்தைத் தம் மேசைமேலுள்ள ஆறு மைப் பிரிண்டரிலேயே போட்டுத் தருகின்றன. வழக்கமான நான்கு மைகளோடு வெளிர்நீலமும் வெளிர்ச்சிவப்பும் சேர்ந்தது இவ்வகை. கன்னத்தின் மென்நிறத்தில் மைப்புள்ளிகள் கண்ணுக்குத் தட்டாதிருக்க அவை உதவுகின்றன. இச்செய்தி அதிபரின் காதுக்கு எட்டிய நாள் அவர் வாழ்வில் ஒரு திருநாள். "சிவகாசிக்காரன் கோடிக்கணக்குல காலண்டர் அடிக்கிறதும் நாலு கலர்லதான், நம்ம பிரிண்டரும் நாலு கலர்தான், இதுல அவன் என்ன ஒசத்தி?" என்று அதன்பின் வருவோர் போவோரிடமெல்லாம் கேட்கலானார்.

ஆயினும் பேத்தியின் காதுகுத்துப் படங்கள் வந்தபோது, அதிபர் ஒருநாள் காலையில் மை தீர்ந்துவிட்டதாகச் சொல்லி, பென் டிரைவைச் சட்டையின் உள்பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினார். மாலையில் திரும்பிப் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்து, அரைமணி நேரம் பிரிண்டரை ஓடவிட்டு, கொண்டுவந்த படங்களை அதன் தட்டில் அடுக்கி, "சூட்டோட சூடா இப்பத்தான் போட்டேன், பாருங்க" என்று வீட்டாரை அழைத்தார். வானம் வானமாக இருந்தது. அத்தை, பல ஆண்டுகளுக்குப் பின், மாநிறமாக இருந்தார். எல்லோரும் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய மனைவி மட்டும் ஒரு படத்தைத் திருப்பிப் பார்த்தார். லேப் தாளின் முதுகில் அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் சாய்வாகத் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும், அதன் கீழே கடை இயந்திரம் கோப்பின் எண்ணையும் தேதியையும் பொறித்திருக்கும். அவர் எதையும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

"மை கிடைச்சதா?" என்று கேட்டார்.

"கிடைச்சது, கிடைச்சது."

"அடுத்த தடவை மை வாங்கப் போகையில என் தங்கச்சி வீட்டுக்கும் ரெண்டு செட்டு போட்டுட்டு வாங்க."