பழைய எண், புதிய எண்

கணினியில் மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் நிக்ஸ் என்றொரு பேக்கேஜ் மேனேஜர். எல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியதே அதை வைத்துத்தான். பயனருக்குப் பயனர் தனி ப்ரொஃபைல். எதை நிறுவினாலும் நீக்கினாலும் புதிய தலைமுறை ஒன்று எண்ணோடு பிறக்கும். பழையது அப்படியே கிடக்கும். 42ஆம் தலைமுறை சொதப்பினால் 'ரோல்பேக்' என்று அடித்தால் போதும், சுட்டி 41க்குத் திரும்பிவிடும். கோப்பு எதுவும் இடம் மாறுவதில்லை. பக்கத்துப் பயனருக்கு விஷயமே தெரியாது.

புழல் பேரூராட்சியை 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்களே, அதுவும் ஓர் அப்டேட்தான். ஊர் முழுக்க ஒரே ப்ரொஃபைல். பிடிக்காதவர் முந்தைய பதிப்புக்குப் போக எந்த கவுன்ட்டரில் மனு கொடுப்பது?

ஆனால் ரோல்பேக் கலையில் சென்னை ஒன்றும் சளைத்ததல்ல. கதவைப் பாருங்கள்: 'புதிய எண் 31, பழைய எண் 14'. விலாசம் கேட்டால் இரண்டையும் சொல்வோம். கூரியர் பையன் 31ஐத் தேடித் தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, தானாகவே 14க்கு ரோல்பேக் ஆகிவிடுவான்.

நிக்ஸில் பழைய தலைமுறைகளை ஒட்டுமொத்தமாகத் துடைக்க ஒரு கட்டளை உண்டு. அதை அடிக்கிற தைரியம் சென்னையில் இன்னும் எந்த பெயின்டருக்கும் வரவில்லை.