தங்கை கல்யாணத்துக்குத் தாமதமாக வந்த அண்ணன்

இந்த வாரம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி மதுரை சித்திரைத் திருவிழா பற்றித்தான். மிச்சத்தில் மூன்று, போன வாரப் பதில்கள் சரியில்லை என்று திட்டி வந்தவை. அவற்றை மரியாதையாக ஓரம் வைத்துவிட்டேன்.

கேள்வி: முதல் தடவையாக மீனாட்சியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள். (புதுக்கோட்டை வாசகி)

செருப்பை எந்த வாசலில் விட்டீர்கள் என்பதை மனப்பாடம் செய்யுங்கள். நாலு பக்கமும் கோபுரம், நாலும் வண்ண வண்ணமாக, நாலும் ஒரே ஜாடை. கிழக்கில் நுழைந்து மேற்கில் வெளியே வந்தவர்கள் அக்னி வெயிலில் சித்திரை வீதித் தரையில் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். அதைப் பக்திப் பரவசம் என்று நினைத்துக் கும்பிட்ட வெளிநாட்டுப் பயணி ஒருவரை நானே பார்த்திருக்கிறேன்.

செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததைத் தொடர்ந்து வந்த கட்டுப்பாடு அது. வாசலிலேயே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே கூட்டத்தில் பிரிந்துபோனால் ‘எங்கடா இருக்க?’ என்று கேட்க வழியில்லை. பொற்றாமரைக் குளத்தின் படியில் சந்திப்பது என்று முன்னாடியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்புறம் சுவாமியிடம் போங்கள். மாற்றிப் போனால் யாரும் அபராதம் போடமாட்டார்கள், வரிசையில் நிற்கும் மதுரைக்கார அக்கா ஒரு பார்வை பார்ப்பார். அபராதமே தேவலை.

ஒரு யோசனை கேட்டீர்கள், நாலு சொல்லிவிட்டேன். ஊர்க் குணம்.

கேள்வி: ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையிலேயே ஆயிரம் தூண்கள் இருக்கின்றனவா? (கணக்கு வாத்தியார், கரூர்)

எண்ணியவர்கள் 985 என்கிறார்கள். ‘பத்து நிமிஷத்துல வந்துர்றேண்ணே’ என்று மதுரைக்காரர் சொன்னால் கடிகாரத்தைப் பார்ப்பீர்களா என்ன?

கேள்வி: மதுரையில் மீனாட்சி ஆட்சி என்கிறார்களே, நிஜமா? (வீட்டில் பேச்சு எடுபடாத கணவர், சிவகாசி)

வருஷத்தில் நாலு மாதம்தான். திருவிழாவின் எட்டாம் நாள் அம்மனுக்குப் பட்டாபிஷேகம். ராயர் கிரீடம், வேப்பம்பூ மாலை, ரத்தினச் செங்கோல். மறுநாள் திக்விஜயம், எட்டுத் திக்கையும் ஜெயித்துக்கொண்டே போய்ச் சுவாமியிடம் முடிகிறது. பத்தாம் நாள் கல்யாணம். ஆவணியில் சுவாமிக்குப் பட்டாபிஷேகம் ஆனதும் செங்கோல் கை மாறும், மிச்ச எட்டு மாதமும் அவர்தான் ராஜா.

கணக்குப்படி அவருக்குத்தான் இரண்டு மடங்கு. ஆனால் கோயிலுக்குப் பேர் என்ன? மீனாட்சியம்மன் கோயில். ஆட்டோக்காரரிடம் ‘சுந்தரேசுவரர் கோயில்’ என்று சொல்லிப் பாருங்கள், ‘அது எந்தப் பக்கம் சார்?’ என்று கேட்டாலும் கேட்பார். உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குக் கிளம்பி வந்த அழகர்கோயில் பெருமாள் அழகர், நேரமாகிவிட்டதால் கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிவிட்டார் என்று எங்கள் பாட்டி சொல்வார். என் மகளிடம் சொன்னால், ‘போன வருஷமும் லேட், அதுக்கு முந்தின வருஷமும் லேட், அவருக்கு முகூர்த்தம் எப்போன்னு யாருமே சொல்ல மாட்டாங்களா?’ என்கிறாள். என்ன பதில் சொல்வது? (விருதுநகர் வாசகி)

மகளுக்கு என் வணக்கம்.

முதலில் கல்யாண வீட்டைப் பார்ப்போம். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க அண்ணன் ஸ்தானத்தில் ஒரு பெருமாள் வேண்டும். அதற்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்து நிற்கிறார். கூடவே முருகனும் தெய்வானையும். தாலி கட்டி முடிகிறது, யாரும் அழகரைத் தேடுவதாகத் தெரியவில்லை. அடுத்து அண்ணன் வரும் தேதியைப் பார்ப்போம். 2024-இல் கல்யாணம் ஏப்ரல் 21, அழகர் ஆற்றில் இறங்கியது 23. 2025-இல் கல்யாணம் மே 8, அவர் இறங்கியது மே 12. நாலு நாள் கழித்து வருகிறவரைத் தாமதம் என்றா சொல்வது? அவர் வேறு வேலையாக வருகிறார். சித்ரா பௌர்ணமி அவர் கணக்கு. தங்கையின் முகூர்த்தத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை.

அந்த வேறு வேலை என்ன? அழகர்கோயிலில் கேட்டால், சாபத்தால் தவளையாகிப்போன மண்டூக முனிவருக்கு விமோசனம் கொடுக்க என்பார்கள். அது நடக்கும் இடம் வண்டியூர்ப் பக்கத்தில் ஆற்றுக்குள் இருக்கும் தேனூர் மண்டபம். இங்கேதான் எனக்கு ஒரு சுவாரசியம். வண்டியூர் மதுரைக்குக் கிழக்கே. தேனூரோ மேற்கே, சோழவந்தான் போகிற திசையில். கிழக்கே நிற்கிற மண்டபத்துக்கு மேற்கே இருக்கிற ஊர்ப் பேர் ஏன்?

ஏனென்றால் ஒரு காலத்தில் அழகர் இறங்கியது தேனூர் ஆற்றில்தான். மீனாட்சி கல்யாணம் நடந்ததோ மாசியில். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் கல்யாணத்தை மாசியிலிருந்து சித்திரைக்குத் தள்ளினார், அழகரைத் தேனூரிலிருந்து மதுரைக்குத் திருப்பினார், சைவர் விழாவையும் வைணவர் விழாவையும் பக்கத்துப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. மண்டபம் இடம் மாறியது, பேர் மாறவில்லை. தெருப் பேரும் மாறவில்லை. சித்திரைத் தேர் இன்றைக்கும் ஓடுவது மாசி வீதிகளில். மாநகராட்சிப் பெயர்ப்பலகையைவிட நல்ல சாட்சி உங்களுக்கு வேண்டுமா?

இரண்டு விழாவைப் பக்கத்தில் வைக்க ராஜாவால் முடிந்தது. ஒட்ட வைக்க முடியவில்லை. அழகர் ஆற்றைத் தாண்டி மீனாட்சி வீட்டு வாசலுக்கு வருவதே இல்லை, இரண்டு கோயில் பட்டர்களின் நூல்களிலும் அவர்கள் சந்திப்புக்கு இடமில்லை. ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏன் தங்கையைப் பார்க்காமல் போகிறார்?’ என்று கூட்டத்தில் யாரோ ஒரு பாட்டி கேட்டிருப்பார். இன்னொரு பாட்டி, ‘கோவம்டி’ என்று பதில் சொல்லியிருப்பார். கல்யாண வீட்டில் கோபித்துக்கொள்ளாத அண்ணனோ தாய்மாமனோ நம் பக்கத்தில் உண்டா? முடிந்தது கதை.

கேள்வி: அப்படியானால் எங்கள் பாட்டிகள் சொன்னது பொய் என்கிறீர்களா? (கோபமான வாசகர், மேலூர்)

தப்பித் தவறிக்கூட அப்படிச் சொல்லவில்லை, மேலூரில் எனக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது. நாயக்கர் போட்ட திட்டத்துக்குத் தையல் போட்டது உங்கள் பாட்டிதான் என்கிறேன். நாயக்கர் போய் முந்நூற்று அறுபது வருஷம் ஆகிறது, தையல் பிரியவில்லை. பேராசிரியர் தொ. பரமசிவன் ஊர் ஊராக அலைந்து விசாரித்து ‘அழகர் கோயில்’ என்ற ஆய்வு நூலை எழுதினார், 1989-இல் புத்தகமாக வந்தது. கோயிலைக் கருவறையிலிருந்து பார்க்காமல், மாட்டுவண்டி கட்டி வருகிற கிராமத்துச் சனங்களின் பக்கத்திலிருந்து பார்த்த புத்தகம். பட்டர் சொல்வதை மட்டும் கேட்டால் அரை விழாதான் புரியும்.

சனங்கள் அண்ணன் கோபத்தோடும் நிறுத்தவில்லை. ஆற்றில் இறங்கிய அன்று ராத்திரி அழகர் வண்டியூரில் தங்குகிறாரே, அது அவருடைய காதலி துலுக்க நாச்சியார் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டார்கள். தங்கை கல்யாணத்துக்கு நேரமில்லை, இதற்கு மட்டும் நேரம்! பெருமாளை இவ்வளவு உரிமையோடு வம்பு பேசுகிற ஊர் வேறு எது?

கேள்வி: மீனாட்சி கல்யாணத்துக்கு மொய் எழுதலாமாமே? (சிக்கனவாதி, திண்டுக்கல்)

எழுதலாம். அதற்கென்றே ஆள் உட்கார்ந்து ரசீது போடுகிறார்கள். சேதுபதி பள்ளியில் பந்தி போட்டுக் கல்யாணச் சாப்பாடும் உண்டு, முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்புக்குத் தனி விருந்து. அம்மனுக்குத் தாலி ஏறிய கையோடு பெண்கள் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள், டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள்கூட. ஒரு வசதி: இந்த மொய்யைத் திருப்பிச் செய்யவில்லையே என்று பெண் வீட்டார் பத்து வருஷம் கழித்துச் சொல்லிக்காட்ட மாட்டார்கள். இன்னொன்று: நீங்கள் எழுதிய மொய்யும் திரும்பி வராது.

கேள்வி: அழகர் பச்சைப் பட்டு உடுத்தினால் மழை, விளைச்சல். வேறு நிறம் என்றால் கெடுதல். நம்புகிறீர்களா? (விவசாயி, உசிலம்பட்டி)

பெட்டிக்குள் பல நிறப் பட்டு இருக்கும், பட்டர் பார்க்காமல் கைவிட்டு எடுப்பார் என்பது ஐதீகம். சமீப வருஷங்களில் பெரும்பாலும் பச்சைதான் வருகிறது. உங்கள் கிணற்றில் தண்ணீர் பெரும்பாலும் இருந்ததா? நீங்களே ஒப்பிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: வைகையில் தண்ணீரே இல்லையே, அழகர் எதில் இறங்குகிறார்? (சென்னை வாசகர்)

வைகை அணையில் தண்ணீர் திறந்துவிடுவார்கள், சில நாள் நடந்து மதுரைக்கு வந்து சேரும். முன்பு ஆற்றைத் தேடி அழகர் வந்தார். 1959-இல் அணை கட்டிய பிறகு அழகரைத் தேடி ஆறு வருகிறது.

கேள்வி: எழுபது வயது அம்மாவுக்கு அழகர் ஆற்றில் இறங்குவதை நேரில் பார்க்க ஆசை. கூட்டிப் போகலாமா? (தேனி வாசகர்)

ஆற்றுக்குள் வேண்டாம். இதில் நான் விளையாட்டாகப் பேசப்போவதில்லை. 2022-இல் அந்த நெரிசலில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். அழகர் தங்கக் குதிரையில் இறங்குகிற அந்த ஐந்து நிமிஷத்துக்காக லட்சக்கணக்கான பேர் ஒரே இடத்தில் முட்டுகிறார்கள். அம்மா பார்க்கப்போவது முன்னால் நிற்பவரின் முதுகைத்தான்.

அதைவிட, அவர் வருகிற வழியில் நில்லுங்கள். காவல் தெய்வமான கருப்பரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு மலையை விட்டுக் கிளம்புகிறவர் நேராகவா வருகிறார்? நானூறுக்கு மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று நின்று, ஒவ்வொரு வீட்டுக் காரியமாக விசாரித்துவிட்டு வருவதுபோல வருகிறார். மூன்றுமாவடியில் எதிர்சேவை. தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலை. வருகிறவர் பட்டுப் பீதாம்பரப் பெருமாளாக வருவதில்லை, கொண்டை போட்டு, கையில் வளைதடியோடு கள்ளர் வேஷத்தில் வருகிறார். கூடவே தள்ளுவண்டியில் உண்டியல்களும் வரும். வசூலுக்கு வந்தவரைப் போலவா தெரிகிறார் என்று கேட்காதீர்கள், கருப்பர் காதில் விழும்.

எங்கள் பெரியம்மா ஒவ்வொரு வருஷமும் சொம்பு நிறைய நாட்டுச்சர்க்கரை போட்டு, மேலே சூடம் ஏற்றி, தல்லாகுளத்தில் ஒரு பெட்டிக்கடை திண்ணையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். அழகர் தாண்டும்போது ‘வாய்யா’ என்பார். அவ்வளவுதான் அவர் பிரார்த்தனை. உங்கள் அம்மாவுக்கும் ஒரு திண்ணை பாருங்கள்.

கேள்வி: அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுவதற்கு ஏன் கட்டுப்பாடு? (வருஷா வருஷம் வேஷம் கட்டுபவர், திருப்புவனம்)

ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிக் குழாய் வழியாகப் பீய்ச்சினால், வெயிலில் வந்தவருக்குச் செய்கிற உபசாரம். மோட்டார் பம்பு வைத்து அடித்தால் தீயணைப்பு வேலை. இந்த வித்தியாசத்தைச் சொல்ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போகவேண்டி வந்தது. நீங்கள் தோல்பைக்காரர் என்றால் கவலை வேண்டாம். இல்லையென்றால், வேஷத்தை மட்டும் கட்டுங்கள்.

கேள்வி: மீனாட்சி கோயில் வரலாற்றில் மிக முக்கியமான நாள் எது? கும்பாபிஷேக நாளா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

1939 ஜூலை 8. பஞ்சாங்கத்தில் தேடாதீர்கள், விசேஷம் எதுவும் போட்டிருக்காது. அன்றுதான் சுதந்திரப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர், அதுவரை சாதியைச் சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பின்னாளில் அமைச்சரான கக்கனும் அதில் ஒருவர். எதிர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை, வழக்கு, வசவு எல்லாம் நடந்தது. அதற்கு முன்னால் எத்தனை சித்திரை! ‘ஊரே திரண்டது’ என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த ஊரில் யார் யார் கணக்கில் இல்லை என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். தெற்காடி வீதியில் நடக்கும்போது எனக்கு இது தோன்றாமல் இருந்ததில்லை.

கேள்வி: அழகர்கோயில் தோசையின் ரகசியம் என்ன? வீட்டில் செய்ய முடியுமா? (சாப்பாட்டுப் பிரியர், ஈரோடு)

பச்சரிசி, தோல் உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு. நெய்யில் போட்டு எடுக்க வேண்டும், கல்லில் வார்க்கிற தோசை இல்லை இது. விரல் கனத்துக்கு, வெளியே கரகரவென்று இருக்கும். நூபுர கங்கைத் தண்ணீர்தான் ரகசியம் என்பார்கள், மலை ஏறிய பசிதான் என்பது என் கட்சி. நான் வீட்டில் மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை அப்பம் மாதிரி வந்தது. இரண்டாவது தடவை வந்ததற்குப் பேர் தெரியவில்லை. மூன்றாவது தடவை, நெய் டப்பாவை வீட்டுக்காரி எங்கே ஒளித்து வைத்தாள் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.