சங்கஞ்செடிக்குச் சம்பந்தம்

வா மாப்ளே. கொள்ளிடக்கரைப் பக்கம் வீடு கட்டிட்ட. மாடியேறி நின்னா ராஜகோபுரம் தெரியுது, அதுக்கு அந்தாண்ட மலைக்கோட்டை தெரியுது. ரொம்ப சந்தோசம். வாசல்ல மெக்சிகன் புல்லு, ஓரத்துல குரோட்டன்ஸ், படிக்கட்டுக்குப் படிக்கட்டு அடீனியம். அதைப் பார்த்து என்னைவிட நர்சரிக்காரனுக்குத்தான் சந்தோசம் ஜாஸ்தி. சித்திரை வெயில்ல அந்தப் புல்லுக்கு ரெண்டு வேளை ஓஸ் புடிக்கிற. புடிச்சு முடிச்சுட்டு டீக்கடைக்கு வந்து, காவிரியில தண்ணி வரலன்னு பேசுற முதல் ஆளும் நீதான்.

இப்ப என்னடான்னா, "மாமா, தண்ணி கேக்காத நாட்டுச்செடியா, பட்டாம்பூச்சி வர்ற மாதிரி ஒன்னு சொல்லுங்க"ங்கிற. சொல்றேன். மனையைச் சுத்தம் பண்றேன்னு ஜேசிபி விட்டியே, அன்னைக்கு வேலியோரத்துல வேரோட பேத்துப் போட்டது ஞாபகம் இருக்கா? அதேதான். சங்கஞ்செடி. இசங்குன்னும் சொல்லுவாங்க. சும்மா கெடந்ததைக் காசு குடுத்துப் பேத்துட்ட, இனிமே காசு குடுத்து வைக்கணும். நர்சரியில சங்கஞ்செடின்னு கேட்டா உன்னை ஏற இறங்கப் பார்ப்பான். அசிமா டெட்ராகாந்தான்னு கேளு. மரியாதை தானா வரும், விலையும் கூடவே வரும்.

செடியைக் கிட்டத்துல பார்த்திருக்கியா? பார்த்திருக்க மாட்ட, ஜேசிபியில உட்கார்ந்தவன்கூட பார்த்திருக்க மாட்டான். இலை எதிரெதிரா ரெண்டு. கெட்டியா, பளபளன்னு இருக்கும். நுனியிலயே ஊசி மாதிரி ஒரு முனை. அது போதாதுன்னு ஒவ்வொரு கணுவுலயும் நாலு முள்ளு, திசைக்கு ஒன்னா நீட்டிக்கிட்டு நிக்கும். பூ இத்துனூண்டு, பச்சையும் மஞ்சளும் கலந்தாப்புல. அதுக்குப் பக்கத்துல நின்னு செல்பி எடுக்கலாம்னு நெனைக்காத. ஆனா பழம் இருக்கே, முத்து கோத்தாப்புல வெள்ளை வெளேர்னு இருக்கும். நசுக்கினா உள்ள கறுப்பா தட்டையா ஒன்னு ரெண்டு வெதை. ஆடு மேய்க்கிற பயலுங்களும் சின்னான் குருவியும் போட்டி போட்டுத் திங்கும்.

இங்கதான் உனக்கு ஒரு சமாச்சாரம். ஒரே ஒரு செடியைக் கொண்டாந்து நட்டுப்புட்டு, மூணு வருசம் கழிச்சு "மாமா காயே புடிக்கலையே"ன்னு என் திண்ணைக்கு வந்துடாத. இதுல ஆண் செடி வேற, பெண் செடி வேற. பூக்கிற வரைக்கும் எது மாப்பிள்ளை, எது பொண்ணுன்னு எந்த ஜோசியக்காரனாலயும் சொல்ல முடியாது. அதனால வெதை போட்டு அஞ்சாறு செடியாக் கெளப்பு. பூத்த பெறகு பாத்து, ஆண்ல ஒன்னை மட்டும் வச்சுக்கிட்டு மிச்ச ஆணைக் கழிச்சு விடு. அடுத்த வீட்டுக்காரர் வேலியில ஆண் செடி நின்னா இன்னும் செலவு மிச்சம். அவரோட காம்பவுண்டு சண்டை போட்டுட்ட, இப்பப் போய்ச் சம்பந்தம் பேசு.

பட்டாம்பூச்சிக் கதைக்கு வருவோம். பூவுல தேன் குடிக்க வர்றது ஒரு வகை. முட்டை வைக்க எடம் தேடி வர்றது இன்னொரு வகை. நீ முத வகைக்கு ஓட்டல் நடத்துற, ரெண்டாவது வகைக்குப் பிரசவ ஆசுபத்திரியே கெடையாது. ஸ்மால் சால்மன் அராப்னு ஒரு பூச்சி உண்டு. வெளுத்த செங்கல் நெறத்துல, ஓரம் கறுத்து, வெயில்ல தரையை ஒட்டியே பறக்கும். அதோட புழுவு திங்கிறது சங்கஞ்செடி எலையும், அதுக்குச் சொந்தக்கார மரமான உகாய் எலையும்தான். உன் குரோட்டன்ஸை மோந்துகூடப் பார்க்காது. அதனால எலையில ஓட்டை விழுந்தா மருந்துக்கடைக்கு ஓடாத. ஓட்டை விழுந்தாத்தான் பூச்சி உனக்கு. உன் வீட்டுக்கு எட்டுற தூரத்துல, மேலூர்ல, 2015லயே அரசாங்கம் பட்டாம்பூச்சிப் பூங்கா தொறந்து வச்சிருக்கு. போயிருக்கதான? புள்ளைங்கள வாசல் பொம்மை முன்னாடி நிக்க வச்சுப் படம் புடிச்சுட்டு வந்திருப்ப. மறுபடி போ, செடிகளைப் பாரு.

இந்த மாதிரி வேலிச்செடியை எல்லாம் மதிச்ச மனுசனும் நம்மூர்ல இருந்தாரு. ஃபாதர் கே.எம். மாத்யூ. செயிண்ட் ஜோசப் காலேஜுல 1967ல ராப்பினாட் ஹெர்பேரியத்தை ஆரம்பிச்சவரு. நீயும் நானும் வெட்டித் தள்ளுற செடியை அவங்க காடுமேடா அலைஞ்சு பறிச்சு, காயவச்சு, தாள்ல ஒட்டி, எங்க எப்பக் கெடைச்சதுன்னு எழுதி வச்சாங்க. 1981லேருந்து கர்நாடகச் சமவெளித் தாவரங்கள் பத்தித் தடித்தடியாப் புத்தகமாவும் வந்துச்சு. கர்நாடகம்னா நீ டீக்கடையில திட்டுறியே அது இல்ல மாப்ளே, நம்ம தமிழ்நாட்டுச் சமவெளிக்கே அந்தக் காலத்துப் பேரு.

சரி, வேலையைக் கேளு. வெள்ளையாப் பழுத்த பழமாப் பறிச்சு, சதையை அலசிட்டு வெதையைப் போடு. மண்ணு எப்படி இருந்தாலும் கவலையில்ல. உப்பு மண்ணுலயும் நிக்கிற ஜாதி. ஐப்பசி மழைக்குத் தோதா நட்டுடு, முதல் கோடையை மட்டும் தண்ணி ஊத்தித் தாண்ட வை, அதுக்கப்புறம் ஓஸைச் சுருட்டி வை. வாசலோரம் வேணாம், கல்யாணப் பத்திரிகை வைக்க வர்றவங்க வேட்டி கிழியும். பின்பக்கத்துச் சுவரோரம் வரிசையா வச்சு வருசத்துக்கு ஒருக்கா வெட்டி விட்டா, திருடன் சிசிடிவியைத்தான் ஏமாத்துவான், இதை ஏமாத்த மாட்டான். எலைக்கு நாட்டு வைத்தியத்துல பேரு உண்டு. அதுக்காக வாட்ஸ்அப்பைப் பார்த்து நீயே கஷாயம் காய்ச்சாத, சித்த வைத்தியரைக் கேளு.

எங்க வாய்க்கா மேட்டுல பெண் செடி ரெண்டு நிக்குது. பழுத்ததும் சொல்லி அனுப்புறேன். வர்றப்ப தடிச்ச கையுறை ஒரு ஜோடி வாங்கிட்டு வா, எனக்கு. நீதான் பறிக்கப் போற, இருந்தாலும் பக்கத்துல நின்னு சொல்றவன் கையையும் பார்த்துக்கணுமில்ல.