நூறாவது நாள் நேரலை

தூத்துக்குடி குமரெட்டியாபுரத்தில் 2018 பிப்ரவரி 12-ல் ஊர் மக்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஸ்டெர்லைட் தாமிர ஆலை வேண்டாம், மூச்சு வேண்டும் என்றார்கள். அதே ஆலைக்கு 2013-லேயே உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் அபராதம் போட்டிருந்தது. நீதிபதிக்குத் தெரிந்தது செய்தி ஆசிரியருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பெண்களும் பிள்ளைகளும் சும்மா உட்கார்ந்திருந்தால் எவன் பார்ப்பான்? மார்ச் 24-ல் ஊரே கடையடைத்துத் தெருவுக்கு வந்தது. நம்மில் பெரும்பாலோர் அதைப் பார்த்தது செல்போனில்தான். ஸ்டூடியோவில் வழக்கம்போல நாலு பேர் நாலு கட்சிக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நூறாவது நாள், மே 22. போலீஸார் வேன்மேல் ஏறிக் குறிபார்த்துச் சுட்டார்கள். மொத்தம் 13 உயிர். உடனே நேரலை.

அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, தனக்கும் டிவியைப் பார்த்துத்தான் தெரியும் என்றார். காவல்துறை அவர் கையில். ரிமோட்டும் அவர் கையில். சுட்ட மறுநாளே மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். முதல்வர் டிவி பார்க்கலாம். செத்தவன் தெருக்காரன் செல்போன் பார்க்கக் கூடாது.

அடுத்த வாரம் ரஜினிகாந்த் வந்தார். ஆஸ்பத்திரியில் ஆறுதல் சொன்னார். சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றார். எதற்கெடுத்தாலும் போராடினால் நாடே சுடுகாடாகும் என்றார். பிணவறை நிறைந்திருந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன வார்த்தை! அதன்பிறகு விவாத மேடைகளில் கந்தகப் புகையைக் காணோம், ஆலையையும் காணோம். சமூக விரோதி யார் என்பதே நாட்டின் ஒரே கேள்வி.

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நாலு வருடம் விசாரித்தது. தூண்டுதல் எதுவுமின்றிச் சுட்டார்கள் என்றது. 17 போலீஸார்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. முதல்வரின் டிவி கதையும் உண்மையல்ல என்றது. 2022 அக்டோபரில் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது. சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடியது. பிறகு விளம்பரம் ஓடியது.

பாடம் படித்துக்கொண்டோமா? பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று ஏகனாபுரத்துக்காரர்கள் 2022 ஜூலையிலிருந்து நாள்தோறும் கூடிவந்தார்கள். தொள்ளாயிரம் நாள் தாண்டியபின், 2025 ஜனவரி 20-ல் நேரலை வண்டிகள் வரிசைகட்டின. ஊர் பூரித்துப்போயிருக்கும். அன்றைக்கு வந்தவர் நடிகர் விஜய்.

அவர் கிளம்பினார். வண்டிகளும் கிளம்பின. ஊர்க்காரர்கள் மறுநாளும் கூடினார்கள்.