யார் கணக்கில் இந்தக் கோல்?

இந்த வாரத் தபால் முழுக்கக் கோல்கீப்பர்கள். மகிழ்ச்சி! மற்ற கேள்விகள் வரிசையில் நிற்கட்டும்.

கேள்வி: நியர் போஸ்ட்டில் கோல் விழுந்தால் அது கோல்கீப்பர் தவறு என்று வர்ணனையாளர்கள் எல்லோரும் சொல்கிறார்களே, சரியா?
(வியாசர்பாடி வாசகர்)

பதில்: பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்வதற்குள் ரீப்ளே முடிந்துவிடுகிறது.

பந்திலிருந்து இரண்டு கம்பங்களுக்கும் கோடு இழுங்கள். நடுவில் வரும் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் கோட்டின் மேல்தான் கோல்கீப்பர் நிற்க வேண்டும். நியர் போஸ்ட்டைக் கட்டிக்கொண்டு நின்றால் அந்தப் பக்கம் பத்திரம், ஆனால் தூரத்துக் கம்பத்தின் பக்கம் முக்கால் கோல் திறந்து கிடக்கும்.

அடுத்து, எவ்வளவு முன்னால் வருவது? இரவில் டார்ச் லைட்டைச் சுவரில் அடித்து, குறுக்கே உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். கை விளக்கை நெருங்க நெருங்கச் சுவரில் நிழல் பெரிதாகும். விளக்குதான் பந்து, நிழல்தான் கோல்கீப்பர் மறைக்கும் இடம். கணக்காகவே சொல்கிறேன். கோலின் அகலம் 7.32 மீட்டர். ஆட்டத்தின் போக்கில் பந்து கோலுக்கு நேர் எதிரே 11 மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். கோட்டிலேயே நிற்பவர் 7.32 மீட்டரையும் காக்க வேண்டும். 5.5 மீட்டர் முன்னால் வந்தவருக்கு அது 3.66 ஆகிவிடும். காக்க வேண்டிய அகலம் பாதி, பந்து வந்து சேரும் நேரமும் பாதி! எங்கே நிற்பது என்பது இந்த இரண்டுக்கும் நடுவே செய்யும் பேரம்.

எனவே எந்தக் கம்பம் என்று கேட்பதை விட்டு, உதைத்த நொடியில் அவர் கால்கள் எங்கே இருந்தன என்று பாருங்கள். வாராவாரம் படிப்பவர்களுக்கு என் கட்சி தெரியும்: கோலைத் தடுப்பது கால். கை கடைசியில் வந்து கையெழுத்துப் போடுகிறது.

கேள்வி: கோல்கீப்பருக்குக் கையுறை எதற்கு?
(சேலம் வாசகர்)

பதில்: பந்து வழுக்காமலிருக்க. ஷூ எதற்கு என்று கேட்டிருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

கேள்வி: 2002 உலகக் கோப்பையில் ரொனால்டின்யோ அடித்த அந்த ஃப்ரீ கிக்கை டேவிட் சீமன் தடுத்திருக்க முடியுமா? எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.
(தூத்தூர் வாசகர்)

பதில்: ஓய வேண்டாம், அருமையான சண்டை! நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஜூன் 21, ஷிசுவோகா, காலிறுதி. இங்கிலாந்து 1, பிரேசில் 1. இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிடம். கோலிலிருந்து ஏறக்குறைய 35 மீட்டரில், சற்று ஓரமாக ஃப்ரீ கிக். அங்கிருந்து வரப்போவது கிராஸ்தான் என்று மைதானமே நினைத்தது. சீமனும் நினைத்தார், கோட்டை விட்டு முன்னால் வந்து நின்றார். இதில் குற்றமே கிடையாது. கிராஸைப் பறிக்கப் போகிறவர் கோட்டில் நின்று என்ன செய்வது? பந்து எழும்பி, அவர் தலையைத் தாண்டி, இறங்கி, மேல் மூலைக்குள் புகுந்தது.

இப்போது கால்களுக்கு வருகிறேன். பந்து தலைக்கு மேல் போகிறது என்று தெரிந்ததும் அவர் முகத்தைப் பந்துக்குக் காட்டியபடியே பின்னால் நகர்ந்தார். அப்படி நகர்ந்தால் வேகம் வராது, எம்பவும் வராது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, காலைக் குறுக்கே போட்டு ஓடியிருந்தால் விரல் நுனியாவது பட்டிருக்கும். 1995இல் பாரிஸில் நடந்த கோப்பை வென்றோர் கோப்பை இறுதி ஆட்டத்திலும், கூடுதல் நேரம் முடியும் தறுவாயில், நயீம் வெகு தூரத்திலிருந்து இதே சீமன் தலைக்கு மேல் போட்டிருந்தார். அதனால் ஊர் உலகம் உடனே தீர்ப்பு எழுதிவிட்டது.

என் தீர்ப்பு வேறு. நின்ற இடத்துக்கு விடுதலை. திரும்பிய விதத்துக்குக் கால்வாசிப் பழி. மீதி முக்கால்வாசி யாருக்கு? அந்த ஃப்ரீ கிக்கைக் கொடுத்த ஃபவுல் ஸ்கோல்ஸ் செய்தது. அதற்கு முன் ரிவால்டோ சமன் செய்த கோலுக்கு ஆரம்பம், பக்கக் கோட்டருகே பெக்கம் மோதலிலிருந்து துள்ளி ஒதுங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, 57ஆம் நிமிடத்தில் ரொனால்டின்யோவே சிவப்பு அட்டை வாங்கி வெளியே போய்விட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் பத்துப் பேரை எதிர்த்து ஆடியும் இங்கிலாந்தால் ஒரு கோல் போட முடியவில்லை. அதற்கும் சீமனா பொறுப்பு? அழுதது மட்டும் அவர். முக்கால்வாசியை மற்ற பத்துப் பேரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: மெஸ்ஸியா, ரொனால்டோவா?
(திருப்பூர் வாசகர்)

பதில்: லெவ் யாஷின். 1963இல் பலோன் தோர் வாங்கினார். அதை வாங்கிய ஒரே கோல்கீப்பர் அவர்தான்.

கேள்வி: பெனால்டியின்போது கோல்கீப்பர்கள் ஏன் நடுவிலேயே நிற்பதில்லை?
(காரைக்குடி வாசகர்)

பதில்: வெட்கம்தான் காரணம்! மைக்கேல் பார்-எலியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 286 பெனால்டிகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். பந்து 28.7 சதவீதம் நடுவில் வந்தது. கோல்கீப்பர் நடுவில் நின்றதோ வெறும் 6.3 சதவீதம். நின்ற கொஞ்சப் பேரும் மூன்றில் ஒரு பந்தைத் தடுத்திருக்கிறார்கள். தாவித் தோற்றால் "பாவம், முயன்றார்" என்போம். நின்று தோற்றால் "மரம் மாதிரி நிற்கிறான் பார்" என்போம். அந்த ஏச்சுக்குப் பயந்துதான் தாவுகிறார்கள். 1976இல் பெல்கிரேடில் பனென்கா நடுவில் மெல்லத் தட்டிவிட்டபோது செப் மையரும் ஓரத்தில்தான் விழுந்து கிடந்தார். எல்லோரும் நிற்க ஆரம்பித்தால் உதைப்பவர்களும் மூலைக்கு மாறிவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் 6.3 ரொம்பக் குறைச்சல்.

கேள்வி: நம் நாட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கோல்கீப்பர் உண்டா?
(ஓசூர் வாசகர்)

பதில்: பீட்டர் தங்கராஜ். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என வென்று இந்தியா தங்கம் எடுத்த இறுதி ஆட்டத்தில் கோலைக் காத்தவர். இனிமேல் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஆலிவர் கான் பந்தை நழுவவிட்டதால்தானே ஜெர்மனி 2002 இறுதி ஆட்டத்தில் தோற்றது?
(மன்னார் வாசகர்)

பதில்: முதல் கோல் அப்படித்தான். ரிவால்டோ உதைத்தது பிடித்திருக்க வேண்டிய பந்து. பிடிக்க முடியாது என்றால் பக்கவாட்டில் தள்ள வேண்டும், நெஞ்சில் பட்டு முன்னால் விழவிடக் கூடாது. விழுந்தது, பிரேசிலின் ரொனால்டோ அங்கே நின்றார். தடுத்திருக்கக்கூடிய கோல் என்று தயங்காமல் எழுதுகிறேன். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களில் அவர் விட்டது ஒரே ஒரு கோல். அவர் இல்லாவிட்டால் ஜெர்மனி யோகோஹாமாவுக்கு வந்தே இருக்காது.

கேள்வி: 1950 உலகக் கோப்பையில் பிரேசில் தோற்றதற்கு மொவாசிர் பார்போசாவைக் கடைசி வரை மன்னிக்கவில்லை என்று படித்தேன். அந்தக் கோல் உண்மையிலேயே அவர் தவறா?
(புதுச்சேரி வாசகர்)

பதில்: இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

மரக்கானா, ஜூலை 16. டிரா செய்தாலே பிரேசில் சாம்பியன். 66ஆம் நிமிடத்தில் உருகுவேயின் கிஜியா வலது ஓரமாக ஓடி வந்து கிராஸ் போட, ஸ்கியஃபினோ கோல் போட்டார், 1-1. 79ஆம் நிமிடத்தில் அதே கிஜியா, அதே ஓரம், அதே ஓட்டம். பார்போசா மறுபடியும் கிராஸ்தான் வரும் என்று எதிர்பார்த்து நியர் போஸ்ட்டை விட்டுச் சற்றே நகர்ந்தார். கிஜியா அந்த இடைவெளியில் அடித்தார்.

பதின்மூன்று நிமிடத்துக்கு முன் அப்படித்தான் கோல் விழுந்தது. நடுவில் இன்னொருவர் காத்திருக்கும்போது கோணத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ப்பது எந்தக் கோல்கீப்பரும் எடுக்கும் முடிவு. முடிவு நியாயமானது, விளைவு தப்பிப்போனது. கோல் தடுக்கக்கூடியதுதான். ஆனால் தடுத்திருக்க வேண்டிய இடம் கோல் கோடு அல்ல, அந்த ஓரம். ஒருமுறை அவதிப்பட்ட பிறகும் கிஜியாவின் பாதையில் இரண்டாவது ஆளை நிறுத்தாத பதினோரு பேரின் தவறு அது. பார்போசா 2000ஆம் ஆண்டில் இறந்தார். பிரேசிலில் அன்று எந்தக் குற்றத்துக்கும் அதிகபட்சத் தண்டனை முப்பது வருடம்தான், தான் மட்டும் ஐம்பது வருடம் அனுபவித்ததாக அவர் சொன்னார். ஒரு நாடே சேர்ந்து ஒரு மனிதருக்குச் செய்த அநியாயம் இது.

கேள்வி: நீங்கள் பார்த்ததிலேயே பிடித்த சேவ்?
(தஞ்சாவூர் வாசகர்)

பதில்: 2022 உலகக் கோப்பை, லுசைல், இறுதி ஆட்டம், 3-3, கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சு. கோலோ முவானி தன்னந்தனியாக வருகிறார். எமிலியானோ மார்ட்டினெஸ் முன்னால் வந்து, சரியான இடத்தில் நின்று, கைகால்களை அகல விரித்தார். பந்து இடது காலில் பட்டுத் தெறித்தது. கால்! கால்! அன்று எங்கள் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. பள்ளி அணியில் கோல்கீப்பர். போன ஆட்டத்தில் ஐந்து கோல் விட்டான். இனி போக மாட்டேன் என்கிறான். என்ன சொல்லட்டும்?
(நாகர்கோவில் வாசகி)

பதில்: அம்மா, "ஏன் பிடிக்கவில்லை" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு கோலுக்கும் மூன்று விஷயங்களை அவனையே சொல்லச் சொல்லுங்கள். உதைத்தபோது எங்கே நின்றாய்? இரண்டு காலும் தரையில் இருந்ததா? பந்து கண்ணுக்குத் தெரிந்ததா? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 11 மீட்டரை 0.4 நொடியில் கடக்கும். பந்தைக் கண்டு உடம்பு அசையத் தொடங்கவே அதில் பாதி போய்விடும். பையன்கள் அவ்வளவு வேகமாக உதைப்பதில்லை என்றாலும், ஆள் மறைத்த பந்துக்கும், டிஃபெண்டர் காலில் பட்டுத் திரும்பிய பந்துக்கும் அவன் பொறுப்பில்லை. அவற்றைக் கழித்துவிட்டால் அவன் கணக்கில் ஒன்றோ இரண்டோதான் நிற்கும். அந்த இரண்டையும் பயிற்சியில் சரிசெய்துவிடலாம்.

அடுத்த ஆட்டத்துக்கு நீங்களும் போங்கள். கோல் வலைக்குப் பின்னால் நின்று பாருங்கள், அவன் என்ன பார்க்கிறானோ அதைப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.